சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: அமெச்சூர் ரேஸில் அரைப் புள்ளி அரசியல்

இருமல் மருந்து பாட்டிலோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி வருமே, அதில் மூன்று மில்லி மருந்து ஊற்றினால் அடியைக்கூட சரியாக மறைக்காது. அவ்வளவு சின்ன இடத்துக்காக, சனி ஞாயிறில் மட்டும் கார் ஓட்டும் மனிதர்கள் மாதச் சம்பளத்தைக் கொண்டுபோய் லேத் பட்டறையில் கொட்டுகிறார்கள். கேட்டால், "விதியிலேயே அனுமதி இருக்கிறது" என்கிறார்கள். இருக்கிறதுதான். பிரச்சினையே அதுதான்!

விஷயம் அமெரிக்காவில் நடப்பது. 1944-இல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா என்ற சங்கம் அங்கே அமெச்சூர் கார் பந்தயத்தின் தாய்வீடு மாதிரி. அதில் 1980களில் பிறந்த ஒரு பிரிவின் பெயர் இம்ப்ரூவ்ட் டூரிங். பழைய ஹோண்டா, பழைய ஃபோக்ஸ்வேகன், பழைய மாஸ்டா என்று ஷெட்டில் கிடக்கும் வண்டியை எடுத்து, பாதுகாப்புக் கூண்டு போட்டு, குறைந்த செலவில் ரேஸ் ஓட்டலாம் என்பதுதான் அதன் நோக்கம். 'குறைந்த செலவு' என்ற சொற்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

இந்தப் பிரிவின் விதிப்புத்தகத்துக்கு ஓர் அடிப்படைத் தத்துவம் உண்டு. "செய்யலாம் என்று எழுதியிருந்தால் செய், எழுதவில்லையென்றால் செய்யாதே." கேம்ஷாஃப்டை மாற்றக்கூடாது. வால்வைப் பெரிதாக்கக்கூடாது. ஆனால் இரண்டு சின்னச் சலுகைகள் உண்டு. சிலிண்டரை 0.040 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ரீபோர் செய்யலாம். கம்பனி அறிவித்த கம்ப்ரெஷன் விகிதத்துக்கு மேல் அரைப் புள்ளி, அதாவது 0.5 வரை ஏற்றிக்கொள்ளலாம். ஒன்பது என்றால் ஒன்பதரை.

அந்த அரைப் புள்ளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வண்டி பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். எட்டாம் வகுப்பு கணக்கு போதும்.

அரைப் புள்ளி என்றால் என்ன?

பிஸ்டன் கீழே இருக்கும்போது சிலிண்டருக்குள் இருக்கும் மொத்த இடத்தை, பிஸ்டன் மேலே போனபிறகு மிச்சமிருக்கும் இடத்தால் வகுத்தால் கிடைப்பது கம்ப்ரெஷன் விகிதம். 1600 சிசி எஞ்சின், நான்கு சிலிண்டர், ஆக ஒரு சிலிண்டருக்கு 400 சிசி. விகிதம் 9 என்றால் மேலே மிச்சமிருக்கும் இடம் 50 சிசி. (450-ஐ 50-ஆல் வகுத்துப் பாருங்கள்.) அதை 9.5 ஆக்க வேண்டுமானால் மிச்ச இடம் ஏறக்குறைய 47 சிசியாகக் குறைய வேண்டும். இருமல் மருந்து மூடியின் மூன்று மில்லி இதுதான்.

எப்படிக் குறைப்பது? சிலிண்டர் ஹெட்டின் அடிப்பாகத்தை மெஷினில் கொடுத்து லேசாகச் சீவ வேண்டும். 80 மில்லிமீட்டர் போர் உள்ள சிலிண்டரின் முழு அகலத்துக்கும் கணக்கிட்டால், அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகச் சீவினாலே மூன்று சிசி போய்விடும். ஹெட்டில் இருக்கும் குழி போரைவிடச் சிறியதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் சீவ வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இதனால் என்ன கிடைக்கும்? கலவையை அதிகமாக நெருக்கினால், எரிந்தபின் அது அதிகமாக விரியும். அதே பெட்ரோலில் இருந்து கூடுதல் வேலை வாங்கலாம். பெட்ரோல் எஞ்சினுக்கான ஆட்டோ சுழற்சிக் கணக்குப்படி, 9-இல் இருந்து 9.5-க்குப் போனால் திறன் சுமார் ஒன்றரை சதவீதம் கூடும். 100 குதிரைசக்தி எஞ்சினுக்கு ஒன்றரை குதிரை. ஒன்றரைக் குதிரைகூட இல்லை, ஏட்டுக் குதிரை! உராய்வும் வெப்ப இழப்பும் அதிலும் பங்கு கேட்கும்.

ஆயிரம் கிலோ காரில் ஒன்றரை சதவீதம் என்பது பதினைந்து கிலோ எடையைக் குறைப்பதற்குச் சமம். விதிப்படியான குறைந்தபட்ச எடைக்கு மேல் நிற்கும் வண்டியென்றால், ஓட்டுகிறவர் பிரியாணியைக் குறைத்துக்கொண்டாலே வேகமெடுக்கும்போது கிட்டத்தட்ட அதே பலன் கிடைக்கும். செலவும் மிச்சம் :-)

அப்புறம் ஏன் இத்தனை கூச்சல்?

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கா ஒரு கட்டுரை?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் கடிகாரத்தில் இருக்கிறது.

சக்தி ஒன்றரை சதவீதம் கூடினால், முழு ஆக்ஸிலரேட்டரில் ஓடும் தூரத்தில் நேரம் சுமார் அரை சதவீதம் குறையும். நூறு விநாடி எடுக்கும் ஒரு சுற்றில் பாதி நேரம் முழு ஆக்ஸிலரேட்டர் என்று வைத்துக்கொண்டால், மிச்சமாவது கால் விநாடி. இருபது சுற்றில் ஐந்து விநாடி. வகுப்பில் எல்லா வண்டியும் ஒரே மாதிரி இருக்கும்போது ஐந்து விநாடி என்பது முதலிடத்துக்கும் நான்காமிடத்துக்கும் உள்ள தூரமாகக்கூட இருக்கலாம்.

ஆக, வண்டிக்கு அது ஒன்றுமேயில்லை. கோப்பைக்கு அதுதான் எல்லாம். இந்த முரண்பாட்டில்தான் பணம் உள்ளே நுழைகிறது.

ஒரே வகுப்பில் ஓடும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவரும் ஹெட்டைச் சீவாவிட்டால் சமம். இருவரும் சீவினாலும் சமம். ஆனால் ஒருவர் சீவி மற்றவர் சீவாவிட்டால், சீவாதவர் பின்தங்குவார். ஆகவே இருவரும் சீவுகிறார்கள். கடைசியில் யார் யாரை முந்தினார்கள்? யாரும் இல்லை. இரண்டு பேர் பையும் காலி. லேத் பட்டறைக்காரர் மட்டும் ஜெயித்தார். வணிகவியல் வகுப்பில் கைதிகளின் சிக்கல் என்று சொல்லித் தருவது இதைத்தான். அங்கே போலீஸ் ஸ்டேஷன், இங்கே மெக்கானிக் ஷெட்.

செலவு சீவுவதோடு நிற்கிறதா? அதுவும் இல்லை. ஹெட் தாழ்ந்தால் கேம்ஷாஃப்டுக்கும் கிராங்குக்கும் நடுவிலுள்ள தூரம் குறையும். வால்வு திறக்கும் நேரம் லேசாகப் பின்தள்ளிப் போகும். அதைச் சரிசெய்ய ஒரு வேலை. வால்வு பிஸ்டனில் இடிக்காமல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வேலை. நெருக்கம் கூடினால் நாக்கிங் பயம். பங்க் பெட்ரோல் தாங்காவிட்டால் விலை பல மடங்கான ரேஸ் பெட்ரோல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

நாக்கிங் விளையாட்டுச் சமாச்சாரமும் இல்லை. கலவை ஸ்பார்க்கில் தொடங்கிச் சீராக எரியாமல், மூலையில் தானாக வெடிப்பதுதான் அது. தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் தலையே உடையும். ஒரு காலத்தில் உலகமே இதோடு மல்லுக்கட்டியது. 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் நாக்கிங் அடங்கும் என்று கண்டுபிடித்தார்கள். எஞ்சின்களின் கம்ப்ரெஷன் ஏறியது, கூடவே காற்றில் ஈயமும் ஏறியது. சாலை வண்டிகளுக்கான ஈயப் பெட்ரோலை அமெரிக்கா முழுமையாகத் தடை செய்ய 1996 வரை ஆனது. புள்ளி ஒன்று இரண்டு ஏற்றுவதற்கு யாரோ விலை கொடுக்கத்தான் வேண்டும் என்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம்.

'கம்பனி அறிவித்தது' என்ற ஓட்டை

அரைப் புள்ளி எதற்கு மேல் அரைப் புள்ளி? கம்பனி புத்தகத்தில் அச்சிட்ட எண்ணுக்கு மேல். இங்கேதான் சூட்சுமம்.

தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் எஞ்சின் வார்க்கிறார்கள். எல்லாம் ஒரே அளவாக வராது. ஹெட்டின் குழி ஒரு சிசி கூடலாம், பிளாக் உயரம் ஒரு நூலிழை கூடலாம், கேஸ்கட் தடிமன் மாறலாம். புத்தகத்தில் 9 என்று போட்டிருக்கும் எஞ்சின், நிஜத்தில் 8.8 இருக்கலாம். அறிவித்த எண் என்பது பெரும்பாலும் எல்லாம் சரியாக அமைந்தால் வரும் எண். எல்லாம் சரியாக அமைந்த எஞ்சின் ரோட்டில் கிடைப்பது அரிது.

வசதியானவர் என்ன செய்கிறார்? ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்து, ஒவ்வொரு பாகத்தையும் தேர்ந்தெடுத்து, 8.8-ஐ முதலில் 9 ஆக்கி, பிறகு 9.5 ஆக்குகிறார். அவருக்குக் கிடைப்பது 0.7. பக்கத்தில் நிற்பவர் ஷெட்டில் கிடந்த எஞ்சினை அப்படியே மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவரிடம் இருப்பது 8.8. இரண்டுமே விதிக்கு உட்பட்டவை. ஒன்றுக்குப் பின்னால் ஒரு தொழில்முறை எஞ்சின் பில்டர். இன்னொன்றுக்குப் பின்னால் ஒரு மச்சானும் ஒரு டூல்பாக்ஸும்.

ரீபோர் சலுகையையும் சேர்த்துப் பாருங்கள். அதே எஞ்சினை ஒரு மில்லிமீட்டர் ரீபோர் செய்தால் சிலிண்டர் 410 சிசி ஆகும். மேலே மிச்ச இடம் 50 சிசியாகவே இருந்தால், விகிதம் தானாகவே 9.2 ஆகிவிடும். ஹெட்டைத் தொடவே இல்லை, ஆனாலும் அனுமதியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவாகிவிட்டது. இது தெரியாத புதியவர், ரீபோரும் செய்து, "அரைப் புள்ளிக்கு இவ்வளவு சீவலாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு முழு அளவும் சீவினால், 9.7 தாண்டி சட்டவிரோதமாகிறார். ஏமாற்ற நினைக்காதவன் ஏமாற்றுக்காரன் பட்டம் வாங்குகிறான். எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தவன் 9.49-இல் நின்று புன்னகைக்கிறான்!

அளக்க முடியாத விதி யாருக்கு?

சரி, விதி இருக்கிறது. மீறினால் யார் பிடிப்பது?

கம்ப்ரெஷனைத் துல்லியமாக அளக்க ஹெட்டைக் கழற்ற வேண்டும். குழியின் மேல் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, பியூரெட்டில் இருந்து திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எத்தனை சிசி என்று பார்க்க வேண்டும். கெமிஸ்ட்ரி லேபில் செய்தது போலத்தான். ஞாயிறு மாலை, நானூறு கிலோமீட்டர் ஓட்டி வீட்டுக்குப் போக வேண்டிய மனிதர்கள், மறுநாள் காலை ஆபீஸ். எத்தனை வண்டியைக் கழற்றுவது?

ஆகவே புகார் வந்தால் மட்டும் கழற்றுகிறார்கள். புகார் கொடுப்பவர் கழற்றி மாட்டும் செலவுக்கு முன்பணம் கட்ட வேண்டும். வண்டி விதிப்படி இருந்தால் பணம் போச்சு. விதியை மீறியிருந்தால் மட்டும் திரும்பும். வீண்புகாரைத் தடுக்க இது தேவை என்பது உண்மைதான். ஆனால் விளைவு என்ன? சந்தேகப்படுவதற்கே காசு வேண்டும். இரவல் டயரில் ஓடுகிறவர், புது டிரெய்லரில் வண்டி கொண்டுவருகிறவர்மேல் புகார் கொடுப்பாரா? வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவார். அடுத்த வருடம் வரமாட்டார்.

ஒரு நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்ய, சந்தேகப்படும் பங்குதாரரே ஆடிட்டருக்குப் பணம் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இதுவும்.

இது வெறும் கற்பனைப் பயமும் இல்லை. 2014-இல் லகூனா செகாவில் நடந்த அதே சங்கத்தின் தேசிய இறுதிப் பந்தயத்தில், ஸ்பெக் மியாட்டா வகுப்பில் முன்வரிசையில் முடித்த பலர் சிலிண்டர் ஹெட் விதிப்படி இல்லை என்று தகுதி இழந்தார்கள். அது கம்ப்ரெஷன் விவகாரம் அல்ல, ஹெட்டுக்குள் காற்று போகும் பாதையைச் செதுக்கிய விவகாரம். ஆனால் பாடம் ஒன்றுதான். 'கொஞ்சம்' அனுமதிக்கப்பட்ட இடத்தில், கண்ணில் படாத இன்னும் கொஞ்சம் எப்போதும் நடக்கும். எல்லா வண்டியும் ஒன்று என்று பெயரிலேயே சொல்லும் வகுப்பிலேயே இந்தக் கதி.

இம்ப்ரூவ்ட் டூரிங்குக்கே இன்னொரு பழைய கதையும் உண்டு. எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டியை மாற்றக்கூடாது, உள்ளே மாற்றலாம் என்று விதி இருந்தது. என்ன நடந்தது? பழைய தகரப் பெட்டிக்குள் விலை உயர்ந்த ரேஸ் கம்ப்யூட்டரைத் திணித்தார்கள். வெளியே மாட்டினால் ஆகும் செலவைவிட, உள்ளே திணிப்பதற்கு அதிகம் ஆனது. கடைசியில் சங்கமே கைவிட்டு விதியைத் திறந்துவிட்டது. சட்டி அப்படியே இருக்க வேண்டும் என்று சொன்னவர்கள், சமையல் மாறியதைக் கவனிக்கவில்லை.

எதிர்க்கட்சி என்ன சொல்கிறது?

அவர்கள் வாதத்தையும் கேட்க வேண்டும். முழுக்க முட்டாள்தனமான விதியாக இருந்தால் இத்தனை வருடம் நின்றிருக்காது.

முதல் வாதம்: "பழைய எஞ்சினின் ஹெட் சூட்டில் வளையும். ஃபேஸிங் செய்யாமல் மாட்டினால் கேஸ்கட் ஊதிவிடும். சீவவே கூடாது என்றால், ஒவ்வொரு தடவையும் புது ஹெட் வாங்க வேண்டும். முப்பது வருட வண்டிக்குப் புது ஹெட் எங்கே கிடைக்கும்?" இது நூற்றுக்கு நூறு நியாயம். அரைப் புள்ளிக்கு நல்ல காரணம் ஒன்று உண்டென்றால் இதுதான். பழுது பார்ப்பதற்கான இடைவெளி அது. ஆனால் பழுதுக்காக விட்ட இடைவெளியை எல்லோரும் கட்டாய இலக்காக மாற்றிவிட்டார்கள். நல்ல ஹெட்டையும் சீவுகிறார்கள். முதியோருக்கு ஒதுக்கிய சீட்டில் வாலிபர்கள் துண்டு போட்டு இடம் பிடித்த கதை.

இரண்டாவது வாதம்: "ரேஸ் என்றால் ஓட்டுவது மட்டுமல்ல, வண்டியைக் கட்டுவதும்தான். கையில் கிரீஸ் படாமல் என்ன ரேஸ்?" அழகான வாதம். அதற்குத்தான் அதே சங்கத்தில் புரொடக்ஷன், ஜிடி என்று எஞ்சினை இன்னும் தாராளமாக மாற்றக்கூடிய பிரிவுகள் இருக்கின்றனவே! கட்டுவதில் ஆசை உள்ளவர் அங்கே போகலாம். குறைந்த செலவு என்று போர்டு மாட்டிய கடைக்குள் வந்து ஏன் ஏலம் விட வேண்டும்?

மூன்றாவது வாதம்: "அரைப் புள்ளியை எடுத்துவிட்டாலும் திருடுகிறவன் திருடுவான்." திருடுவான்தான். அதற்காகப் பூட்டைக் கழற்றிவிடுவதா, நல்ல பூட்டாகப் போடுவதா?

நல்ல பூட்டு இருக்கிறது

ஸ்பெக் ரேசர் ஃபோர்டு என்ற வகுப்பில் எஞ்சினுக்கே சீல். 2015-இல் வந்த 1.6 லிட்டர் எஞ்சினையும் ஓட்டுகிறவர் திறக்க முடியாது, அங்கீகாரம் பெற்றவர்தான் திறக்கலாம். நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன் என்ற இன்னொரு அமைப்பின் சில வகுப்புகளில், உள்ளே என்ன செய்தாய் என்று கேட்பதே குறைவு. டைனோவில் ஏற்றி, சக்திக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கிறார்கள். இரண்டுமே குறையில்லாத வழிகள் அல்ல. சீல் போட்டால் மெக்கானிக் மச்சானுக்கு வேலை இல்லை. டைனோவை ஏமாற்றக் கம்ப்யூட்டரில் இரண்டு மேப் வைத்தால் போதும்.

இம்ப்ரூவ்ட் டூரிங் மாதிரியான வகுப்புக்கு எளிமையான வழி வேறு இருக்கிறது. விசிலர் என்று ஒரு கருவி. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வால்வுகள் மூடியிருக்கும் நிலையில் அந்த ஓட்டையில் இணைத்துக் காற்று ஊதினால், உள்ளே இருக்கும் இடத்துக்கு ஏற்ப ஒலியின் சுருதி மாறும். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு சத்தம், பாதி தண்ணீர் இருந்தால் வேறு சத்தம் வருமே, அதே தத்துவம். சுருதியில் இருந்து கம்ப்ரெஷனைக் கணக்கிடலாம். ஹெட்டைக் கழற்ற வேண்டாம், சில நிமிட வேலை. பியூரெட் அளவு துல்லியம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் யாருடைய வண்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று சல்லடை போடத் தாராளமாகப் போதும்.

ஆகவே செய்ய வேண்டியது நான்கு.

1. 'கம்பனி எண்ணுக்கு மேல் அரை' என்பதைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு மாடலுக்கும் இதுதான் உச்சம் என்று ஒரே எண்ணை அச்சிட வேண்டும். ரீபோர், சீவல், கேஸ்கட் எல்லாம் அதற்குள் அடக்கம். பழுது பார்க்க ஃபேஸிங் செய்ய அதில் கொஞ்சம் இடம் இருக்கலாம்.

2. ஒவ்வொரு ரேஸ் முடிந்ததும் முதல் மூன்று வண்டியையும், குலுக்கலில் இன்னொன்றையும் விசிலரில் பார்க்க வேண்டும். புகாருக்குக் காத்திருக்கக் கூடாது. பிஸ்டன் தலையில் கரி படிந்தாலும் இடம் குறைந்து விகிதம் கூடும். எனவே எல்லையைத் தொட்டு நிற்கும் வண்டிக்குக் கரியைச் சுரண்டிவிட்டு அளக்கும் உரிமை வேண்டும்.

3. சாதாரணப் பங்க் பெட்ரோல் மட்டுமே அனுமதி. அதுவே ஓர் இயற்கையான பூட்டு. பேராசைக்கு எஞ்சினே தண்டனை கொடுத்துவிடும்.

4. கழற்றும் செலவின் ஒரு பங்கை எல்லோருடைய நுழைவுக் கட்டணத்தில் இருந்தும் சேர்த்த பொதுநிதி ஏற்க வேண்டும். நேர்மை எல்லோருக்கும் பயன் தரும் பொருள் என்றால், விலையையும் எல்லோரும் பகிர்வதுதான் முறை.

கடைசியாக

அரைப் புள்ளி தப்பா என்றால், தப்பில்லை. அதை ஏற்றுகிறவர் குற்றவாளியும் இல்லை. விதி அனுமதிக்கிறது, அவர் செய்கிறார். எழுதியவர்கள் மேல்தான் கேள்வி. குறைந்த செலவில் ரேஸ் என்று அழைத்துவிட்டு, உள்ளே வந்தபின் ஒவ்வொரு சிசிக்கும் ஒரு விலைச்சீட்டு ஒட்டி வைத்திருந்தால், அது அழைப்பா, வசூலா?

அமெச்சூர் ரேஸில் பரிசுத் தொகை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு சின்னக் கோப்பை, ஒரு கொடி, திங்கட்கிழமை ஆபீஸில் சொல்லிக்கொள்ள ஒரு கதை. அதற்காகத்தான் மனிதர்கள் வருகிறார்கள். தோற்றால்கூட, "அவன் நன்றாக ஓட்டினான்" என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்ப முடிந்தால் அடுத்த முறையும் வருவார்கள். "அவன் எவ்வளவு சீவினானோ" என்று நினைத்துக்கொண்டு திரும்பினால் வரமாட்டார்கள். கடைசி வரிசையில் வண்டிகள் ஒவ்வொன்றாகக் குறையும். பிறகு நடு வரிசை. கடைசியில் நன்றாகச் சீவிய நான்கு பேர் மட்டும் தங்களுக்குள் கோப்பை கொடுத்துக்கொள்ளலாம்.

மூன்று சிசி இடத்தை மிச்சம் பிடிக்கப் போய், மைதானத்தையே காலி செய்வது என்ன கணக்கு?